ஒரு வரி, ஒரு மனிதர்

காரைக்கால் பகுதி நிலப் பதிவுகளில் பரப்பு மூன்று எண்களாக நிற்கும்: ஹெக்டேர், ஆர், சென்டியார். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச் சென்ற அளவை அது. ஒரு ஹெக்டேர் 12 ஆர் 75 சென்டியார் நிலத்தைக் கையால் எழுதுகிறவர் 1-12-75 என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவார். அதையே எக்செல் கட்டத்தில் தட்டி எண்டரை அழுத்தினால் நிலம் தேதியாகிவிடுகிறது: 1975 டிசம்பர் முதல் தேதி. கட்டத்துக்குள் இப்போது இருப்பது 27,729 என்ற எண். 1900 தொடக்கத்திலிருந்து அந்தத் தேதி வரைக்குமான நாள் கணக்கு அது. கட்டத்தின் வடிவத்தை மாற்றினாலும் நிலம் திரும்பி வருவதில்லை, 27,729 தான் வருகிறது. பக்கத்துக் கட்டத்தில் புல எண் 12/3 என்று போட்டவருக்கு அது மார்ச் 12 ஆகியிருக்கும்.

உலகத்தின் பெரிய ஆய்வுக்கூடங்களும் இதில் அகப்பட்டிருக்கின்றன. மனித மரபணுக்களில் சிலவற்றின் சுருக்கப் பெயர்கள் ‘மார்ச் 1’, ‘செப்ட் 1’ என்று ஆங்கில மாதப் பெயர்களைப் போலவே இருந்தன. எக்செல் அவற்றைத் தேதியாக்கியது. எக்செல் பட்டியலோடு வெளிவந்த மரபணுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020-இல், மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. இப்படித் தானாக மாற்றுவதை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023-இல் சேர்த்தது. திருநள்ளாற்றிலோ நெடுங்காட்டிலோ இருக்கும் ஒரு வயலின் புல எண்ணை நம்மால் மாற்ற முடியாது. அதனால் தட்டச்சத் தொடங்கும் முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று குறித்துவிட வேண்டும். பத்து விநாடி வேலை அது. பத்து ஆண்டுகளாக எக்செல் திறந்து மூடும் பலருக்கு இதை யாரும் சொல்லித் தந்ததில்லை.

பரப்புக்கு இன்னும் நல்ல வழி உண்டு. மூன்று எண்களுக்கு மூன்று நெடுவரிசை. நான்காவதில் ஒரு சூத்திரம்: ஆரை 100-ஆலும் சென்டியாரை 10,000-ஆலும் வகுத்து ஹெக்டேரோடு கூட்டினால் 1.1275 கிடைக்கும். ஐந்தாவதில் ஏக்கர், 2.79. ஆறாவதில் மா. காவிரி டெல்டாவில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். ஆகவே இந்த நிலம் எட்டு மாவும் கொஞ்சமும். உழவர் மாவில் பேசுகிறார், பதிவேடு ஆரில் பேசுகிறது, கடன் விண்ணப்பம் ஏக்கரில் கேட்கிறது. மூன்று பேச்சையும் ஒரே வரியில் பக்கம் பக்கமாக வைக்க ஒரு முறை எழுதிய சூத்திரம் போதும். அதைக் கீழே இழுத்துவிட்டால் ஆயிரம் வயல்களுக்கும் கணக்கு வந்துவிடும். இதற்குப் புது மென்பொருள் வேண்டியதில்லை. மேசைமீது ஏற்கெனவே இருக்கும் கணினியே போதும்.

அலுவலக மென்பொருளிலிருந்து கூடுதல் பயன் எடுப்பது என்று பேச்சு வந்தால் உடனே குறுக்குவழி விசைகளையும் புதுப் பதிப்புகளையும் அடுக்குகிறார்கள். அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் அலுவலகங்களில் பயன் வடிந்துபோகும் இடம் வேறு. நாம் எக்செல்லைக் கோடு போட்ட தாளாகவும், வேர்டைத் தட்டச்சுப் பொறியாகவும் வைத்திருக்கிறோம். இரண்டும் காகிதத்துக்காக வேலை செய்கின்றன. அச்சில் அழகாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம்.

அப்படி நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்து அலுவலகத் தொழிலுக்குள் வந்தவர்கள் பெரும்பாலும் தட்டச்சுப் பயிலகத்தின் வாசல் வழியாக வந்தவர்கள். லோயர், ஹையர் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தேர்வு எழுதி, விரல் வேகத்தைச் சான்றிதழாக வாங்கியவர்கள். அந்தப் பயிற்சியை நான் மிகவும் மதிக்கிறேன். பக்கத்து ஓரம், இடைவெளி, தலைப்பு நடுவில், கையொப்ப இடம் வலப்பக்கம் என்று தாளின் இலக்கணத்தை அது கற்றுத்தந்தது. பின்னால் தமிழ்நாட்டில் தட்டச்சர் பணிக்கு அலுவலகத் தன்னியக்கம் பற்றிய கணினிச் சான்றிதழும் கேட்கத் தொடங்கினார்கள். ஆனால் விரல் பழகியது தாளுக்கு. அதனால் எக்செல்லைத் திறந்ததும் முதல் வேலையாக மேலே நான்கு கட்டங்களைச் சேர்த்து அலுவலகப் பெயரை நடுவில் போடுகிறோம். ஒரே ஊர்க்காரர்கள் பத்துப் பேர் என்றால் ஊர்ப் பெயரை ஒரு தடவை எழுதிப் பத்துக் கட்டத்தையும் ஒன்றாக்குகிறோம். பணம் போனவரை மஞ்சளிலும் போகாதவரைச் சிவப்பிலும் காட்டுகிறோம். பத்து வரிக்கு ஒரு முறை ‘பக்க மொத்தம்’ போடுகிறோம். கண்ணுக்கு எல்லாம் சரி. ஃபில்டர் போட்டுப் பார்த்தால் ஒன்றும் சரியில்லை. ஒன்றாக்கிய கட்டத்தில் முதல் ஆளுக்கு மட்டும்தான் ஊர் இருக்கிறது, மற்ற ஒன்பது பேருக்கும் ஊரே இல்லை. பக்க மொத்தங்கள் கூட்டலில் மறுபடி சேர்ந்து தொகை இரட்டிப்பாகிறது. நிறத்தைச் சூத்திரம் படிக்காது.

1970-களின் கடைசியில் டான் பிரிக்லின் ஹார்வர்டு வணிகப் பள்ளி மாணவராக இருந்தபோது, கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டியிருப்பதைப் பார்த்து மின்னட்டவணையை யோசித்தார். பாப் ஃபிராங்க்ஸ்டனோடு சேர்ந்து அவர் உருவாக்க, 1979-இல் விசிகால்க் என்று அது வெளிவந்தது. எண்கள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும், ஒன்றை மாற்றினால் மற்றதெல்லாம் தானே மாறும் என்பதுதான் அதன் உயிர். பக்கத்தில் கால்குலேட்டரை வைத்துக் கூட்டி, விடையைக் கட்டத்தில் தட்டும்போது அந்த உயிரை வெளியே நிறுத்திவிடுகிறோம். அப்படிச் செய்கிறவர்களிடம் கேட்டிருக்கிறேன். கணினியை நம்பிக் கையெழுத்துப் போட முடியாது என்பார்கள். கையெழுத்தின் பொறுப்பை அறிந்தவர்களின் பதில் அது. சரிபார்க்கும் வழியைச் சொல்லித் தந்தால் கால்குலேட்டரை அவர்களே எடுத்து உள்ளே வைப்பார்கள். ஒரு கூட்டலை நெடுக்கிலும் குறுக்கிலும் போட்டு இரண்டும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பது பழைய கணக்கர்களுக்குத் தெரிந்த வழிதான்.

தாளுக்கு முந்திய இலக்கணம் ஒன்று இந்த மண்ணில் இருந்தது. பதிவேட்டின் இலக்கணம். காரைக்காலுக்கு அது வேறெந்த ஊரையும்விட நன்றாகத் தெரியும்.

1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த ஊர் இது. அவர்களுடைய குடிப்பதிவு முறையில் பிறப்பு, திருமணம், இறப்பு ஒவ்வொன்றும் ஒழுங்கு மாறாமல் பதிவாகும். ஆண்டு முடிந்ததும் பெயர் அகரவரிசை அட்டவணை. பத்தாண்டுக்கு ஒரு முறை அதற்கும் ஓர் அட்டவணை. பதிவேடு ஒரே பிரதியாக இருக்கக் கூடாது. 1776 ஜூனில் வந்த ஓர் அரசாணை, குடியேற்றங்களின் பதிவுகளுக்கு வெர்சாயில் ஒரு காப்பகத்தை ஏற்படுத்தி, கடல் கடந்து அங்கே ஒரு பிரதி வந்தாக வேண்டும் என்றது. கப்பல் மூழ்கலாம், கரையான் அரிக்கலாம், புயல் வரலாம் என்று யோசித்தவர்கள் போட்ட ஆணை. அப்படிப் போன பிரதிகள் இன்று எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்தில், கடல் கடந்த பகுதிகளின் பிரெஞ்சு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. காரைக்கால் பதிவுகளை இணையத்தில் புரட்டலாம். வட்டு கெட்டுப்போய் ஐந்து ஆண்டுக் கோப்பு போயிற்று என்று ஓர் அலுவலகத்தில் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு அந்த 1776 ஆணைதான் நினைவுக்கு வரும். இரண்டாவது பிரதி வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பாய்மரக் காலத்திலேயே விதியாக வைத்திருந்தார்கள்.

அதற்கும் ஏறத்தாழ எழுநூற்று அறுபது ஆண்டு முந்தி இதே டெல்டாவில் கல்லிலேயே அட்டவணை எழுதியிருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் ஆடல் மகளிரின்) கல்வெட்டு ஏறத்தாழ 1014-ஐச் சேர்ந்தது. ஒவ்வொருவருக்கும் எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாம் வீடு, என்ன பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று தகவல் வரிசை மாறாமல் ஓடுகிறது. ஒரு வீட்டுக்குப் பங்கு ஒன்று, பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒரு பதிவுக்கு ஒருவர். ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் என்பதற்காக அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடவில்லை. கல்லில் உளி கொண்டு வெட்டியவர் அந்த உழைப்பைச் சுருக்கிக்கொள்ளவில்லை. விசைப்பலகையில் கண்ட்ரோல்-டி அழுத்தினால் அதே ஊர்ப் பெயர் கீழ்க்கட்டங்களுக்கெல்லாம் இறங்கிவிடும் காலத்தில் நாம் சுருக்குகிறோம்.

இனி பெயர்கள். காரைக்கால், புதுச்சேரிப் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதும்போது இரண்டு பள்ளிகள் உண்டு. சுப்பிரமணியனின் ‘சு’வை ஆங்கில வழியில் எஸ், யு என்று எழுதுவார்கள், பிரெஞ்சு வழியில் எஸ், ஓ, யு. ராஜுவின் ‘ஜு’ ஆங்கில வழியில் ஜே, யு. பிரெஞ்சு வழியில் டி, ஜே, ஓ, யு. ராமசாமிக்கு நடுவில் எஸ் ஒன்றா இரண்டா என்பது பதிவு செய்த ஆண்டையும் அலுவலகத்தையும் பொறுத்தது. ஒரே மனிதர் பிறப்புச் சான்றில் ஒரு பெயராகவும், பள்ளிச் சான்றில் இன்னொன்றாகவும், வங்கியில் மூன்றாவதாகவும் இருப்பார். போதாக்குறைக்கு முன்னெழுத்து சில இடத்தில் முன்னால், சில இடத்தில் பின்னால், சில இடத்தில் புள்ளியோடு. இரண்டு பட்டியலைப் பெயரை வைத்து வி-லுக்கப் போட்டு இணைக்கப் பார்க்கிறவர் பாதிப் பேர் கிடைக்காமல் திகைத்து நிற்பதற்கு இதுதான் காரணம். சூத்திரம் தப்பு என்று நினைத்துக் கைவிட்டு, கண்ணால் ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்குகிறார். அன்றைய பொழுது போயிற்று.

முதல் பெயர், குடும்பப் பெயர் என்று வரும் இரண்டு கட்டங்களோடு தமிழர்கள் எல்லா நாட்டிலும் மல்லுக்கட்டுகிறோம். பிரெஞ்சிந்தியாவில் அந்த மல்லுக்கட்டு சட்டமாகவே நடந்தது. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணை, தம் சமூகத்தின் தனிவழக்கைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வர விரும்புகிறவர்கள் அதைப் பதிவு செய்து ஒரு குடும்பப் பெயரை ஏற்க வழி செய்தது. புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை லாபோர்த் ஆனார். அந்தக் கட்டத்தை நிரப்பியவர்களின் வாரிசுகளுக்கு இன்று குடும்பப் பெயர் இருக்கிறது. நிரப்பாதவர்களின் வாரிசுகள் அப்பா பெயரை எந்தக் கட்டத்தில் போடுவது என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு படிவத்தின் தலைப்பு நான்கைந்து தலைமுறையின் பெயரைத் தீர்மானித்திருக்கிறது. நெடுவரிசைக்குத் தலைப்பு வைக்கிறவர் இதை அறிந்து வைக்க வேண்டும். நம் அட்டவணைகளில் ‘சான்றில் உள்ளபடி முழுப் பெயர்’, ‘அப்பா அல்லது அம்மா பெயர்’ என்று இரண்டே தலைப்புகள் போதும். தமிழில் ஒன்று, ரோமன் எழுத்தில் ஒன்று என்று வைத்தால் இன்னும் நல்லது.

ஆனால் பட்டியல்களை இணைக்கப் பெயரை நம்பக் கூடாது. எண்தான் வேண்டும். இதையும் இந்தக் கரை கசப்பாகவே கற்றது. 1861 ஜூலை 1-இல் பிரிட்டனும் பிரான்சும் செய்த உடன்படிக்கையின் கீழ், காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் கப்பல் ஏறினார்கள். ரெயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளில் இறங்கியபோது பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். அவர்களுக்கு அங்கே பதிவெண்ணும் கொடுத்தார்கள். மனிதரை எண்ணாக்கிய கொடுமை அது. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. இன்று அந்தத் தீவுகளில் தம் பாட்டனாரின் ஊரைத் தேடுகிற பேரன் பேத்திகள், சிதைந்த பெயரை வைத்துக்கொண்டு தடுமாறும்போது அந்தப் பதிவெண்ணைப் பிடித்துத்தான் மேலே ஏறுகிறார்கள். அலுவலக அட்டவணையில் முதல் நெடுவரிசை, யாருக்கும் இரண்டாம் முறை தராத ஓர் எண்ணாக இருக்க வேண்டும். அது ‘வரிசை எண்’ அன்று. வரிசை எண் அகரவரிசைப்படுத்தியவுடன் மாறிவிடும். ஒருவருக்குக் கொடுத்த எண் அவர் பட்டியலை விட்டுப் போனாலும் அவருடையதாகவே இருக்க வேண்டும்.

இந்தத் தேடலில் இன்னொரு தடையும் வரும். எக்செல்லுக்கு 1900-க்கு முன்னால் காலம் கிடையாது. 1893-இல் பிறந்த ஒருவரின் தேதியைத் தட்டினால் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். வயது கணக்கிடாது, கால வரிசைப்படி அடுக்காது. 1962 ஆகஸ்ட் 16-இல் இந்தியாவோடு சட்டப்படியான இணைப்பு நடந்ததும், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் கிடைத்த ஊர் இது. யார் எப்போது எங்கே பிறந்தார் என்பது இங்கே பல குடும்பங்களுக்கு ஓய்வூதியமாகவும் கடவுச்சீட்டாகவும் இருக்கிறது. பழைய தேதிகளோடு வேலை செய்கிறவர்கள் லிப்ரே ஆபீஸின் கால்க்கைப் பயன்படுத்தலாம். அது 1900-க்கு முந்திய தேதிகளையும் தேதியாகவே கொள்ளும். விலையும் இல்லை. இல்லையென்றால் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் மூன்று நெடுவரிசையாக எண்ணாகவே வைத்துக்கொள்ளலாம். இலவச மென்பொருள் என்றால் தரம் குறைவு என்ற எண்ணம் நம்மிடம் வேரோடியிருக்கிறது. 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் லினக்சுக்கும் ஓப்பன் ஆபீசுக்கும் மாறியது. ஓர் அரசு நிறுவனத்தின் அன்றாடக் கடிதமும் கணக்கும் அதில் நடந்தன. அந்த முயற்சியைத் தமிழ்நாடு தொடர்ந்து பிடித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நாற்புறமும் வேறு மாநிலமும் கடலும் சூழ்ந்த ஊருக்கு என்று தனிக் கணக்குகள் உண்டு. காரைக்காலின் அஞ்சல் குறியீடு 609602; மயிலாடுதுறைக்கு 609001. 609-ஐப் பார்த்து மாநிலத்தை ஊகிக்கக் கூடாது. மாநிலத்துக்குத் தனி நெடுவரிசை வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் இது பணமாகவே தெரிகிறது. நாகப்பட்டினத்து மொத்த வியாபாரி காரைக்கால் கடைக்கு அனுப்பும் சரக்கு, அரைமணி நேரப் பயணம் என்றாலும் மாநிலம் தாண்டும் சரக்கு, அதற்கு ஐ.ஜி.எஸ்.டி. அதே சரக்கு கோட்டுச்சேரிக் கடைக்குக் காரைக்காலிலிருந்து போனால் வரி இரண்டாகப் பிரியும். வரி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. அந்த இரண்டு இலக்கத்தை மட்டும் பிரித்தெடுத்து, 34 என்றால் இப்படி, இல்லையென்றால் அப்படி என்று ஒரே ஒரு ‘இஃப்’ சூத்திரம் எழுதிவிட்டால், டேலி இல்லாத சின்னக் கடையும் மாதக் கடைசியில் தன் கணக்கைத் தானே சரிபார்த்துக்கொள்ளும்.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். திருமலைராயன்பட்டினம், டி.ஆர்.பட்டினம், திரு-பட்டினம் என்று மூன்று பேர் மூன்று விதமாகத் தட்டினால் பிவட் டேபிள் மூன்று ஊர்களைக் காட்டும். கடைசியில் ஒரு வெற்றிடம் கூடுதலாக விழுந்தால் நான்காவது ஊர். காரைக்கால் நகராட்சியும் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும்தான் மொத்தம். ஆறு பெயர்களையும் ஒரு முறை எழுதி ‘டேட்டா வேலிடேஷன்’ வழியாகப் பட்டியலாகக் கட்டிவிட்டால், நிரப்புகிறவர் தட்டச்ச வேண்டாம், தேர்ந்தெடுத்தால் போதும். எக்செல்லில் நான் எல்லோருக்கும் முதலில் சொல்லித்தர விரும்புவது இந்த ஒன்றைத்தான். கூட்டலைக்கூட அதற்கு அப்புறம்.

தமிழ் எழுத்துருவைப் பற்றி நீளமாகப் பேச எனக்கு ஆசை இருந்தாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். பாமினியிலும் வானவில்லிலும் தட்டிய தமிழ் கண்ணுக்கு மட்டும் தமிழ். கோப்புக்குள் இருப்பவை ரோமன் எழுத்துகள். தேடினால் கிடைக்காது, அகரவரிசைக்கு வராது, வேறு கணினியில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோட் 1991-லிருந்து தமிழைக் கொண்டிருக்கிறது. விண்டோஸ் 2000-லிருந்து அதற்கான வசதி கணினியிலேயே வருகிறது. தமிழ்நாடு அரசு 2010-இல் அதைத் தரமாக அறிவித்தது. இன்னும் பழைய எழுத்துருவில் பெயர்ப் பட்டியல் தயாரிக்கிற அலுவலகம் இருந்தால், அது இந்த ஆண்டே நிற்க வேண்டும். யூனிகோடிலும் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். ‘காரைக்கால்’ நமக்கு ஐந்தெழுத்து. எழுத்தெண்ணும் சூத்திரம் அதைப் பத்து என்கிறது. காலையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. படிவத்தில் ‘பெயர் 20 எழுத்துக்குள்’ என்று எல்லை வைக்கிறவர்கள் இதை அறியாமல் தமிழ்ப் பெயர்களைப் பாதியில் வெட்டுகிறார்கள்.

2011 கணக்கெடுப்பில் காரைக்கால் மாவட்டத்தின் மக்கள் தொகை 2,00,222. இன்றைய எக்செல் தாள் ஒன்றில் 10,48,576 வரிகள். மாவட்டம் முழுவதையும் ஒரே தாளில் ஐந்து முறை எழுதலாம். பழைய எக்ஸ்.எல்.எஸ். வகைக் கோப்பில் 65,536 வரிதான். அதில் மூன்றில் ஒரு பங்கு மக்கள்கூட அடங்க மாட்டார்கள். மிச்சம் வெளியே நிற்கும். 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் இதுதான் நடந்தது. கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய வகைக் கோப்பில் ஏற்றியதில், 15,841 நோயாளிகளின் விவரம் சில நாட்கள் கணக்கில் வராமல் போயிற்று. அவர்களோடு பழகியவர்களுக்கு எச்சரிக்கையும் தாமதமாயிற்று. பணக்கார நாடு, பெரிய துறை. கோப்பின் கடைசி மூன்று எழுத்தை யாரும் பார்க்கவில்லை.

நம் கரையில் பட்டியல் எப்போது உயிர்ப்பிரச்சினை ஆகும் என்று நமக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இங்கே எல்லாமே பட்டியல்தான்: போனவர்கள், இருப்பவர்கள், படகு இழந்தவர்கள், வீடு இழந்தவர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் பக்கத்தில் கரையேறியபோதும் டெல்டா முழுக்கப் பட்டியல் எடுத்தார்கள். அந்த மாதிரி நாளில் ஒருவர் பெயர் இரண்டு முறை வருவதும், இன்னொருவர் பெயர் வராமல் போவதும் சின்னப் பிழைகள் அல்ல. வங்கிக் கணக்கு எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாகத் தட்டினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். பெயர் சரி, ஊர் சரி, தொகை சரி. பணம் மட்டும் போய்ச் சேராது. சேர வேண்டிய மீனவப் பெண் நான்கு முறை பேருந்து ஏறி வந்து கேட்பார். அவரிடம் ‘கம்ப்யூட்டரில் ஏதோ பிரச்சினைம்மா’ என்று சொல்லப்படும். அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று வைத்திருந்தால் அவர் அன்று கடற்கரையில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பட்டியல் நேராக இருந்தால் மற்ற பயன்கள் எல்லாம் பின்னாலேயே வரும். திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி என்றால் எத்தனை துறைகளின் ஆட்களுக்குப் பணி ஆணையும் அடையாள அட்டையும் போக வேண்டும். 2023 டிசம்பர் 20 போன்ற ஒரு நாளுக்காக ஒவ்வொரு கடிதத்திலும் பெயரை மாற்றி மாற்றித் தட்ட வேண்டியதில்லை. எக்செல் பட்டியலை வேர்டின் ‘மெயில் மெர்ஜ்’ வசதியோடு இணைத்தால், ஒரே கடிதம் ஆயிரம் பெயருக்கு ஆயிரமாகப் பிரியும். நீண்ட அறிக்கையில் தலைப்புகளைக் கையால் தடிப்பாக்காமல் ‘ஹெட்டிங்’ பாணியைக் கொடுத்தால், பொருளடக்கம் பக்க எண்ணோடு தானே வரும். வரைவில் மேலதிகாரியின் திருத்தத்தை ‘டிராக் சேஞ்சஸ்’ வழியாக வாங்கினால் யார் எதை மாற்றினார் என்பது பதிவில் இருக்கும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘ஃபைனல் கடைசி’ என்று கோப்புகள் பெருகாது. செயற்கை நுண்ணறிவு உதவியாளர் இப்போது எக்செல்லுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒன்றாக்கிய கட்டமும் மஞ்சள் நிறமும் மூன்று விதமான திருமலைராயன்பட்டினமும் இருக்கும் தாளை வைத்துக்கொண்டு அதுவும் தப்பான விடையைத்தான் சரளமாகச் சொல்லும்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது மறுதட்டச்சு. ஓர் அலுவலகம் அட்டவணையைத் தயாரித்து, அச்செடுத்து, கையொப்பமும் முத்திரையும் வைத்து, கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறது. அடுத்த அலுவலகத்தில் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து மறுபடியும் தட்டுகிறார். அங்கிருந்து மேலே போகும்போது மூன்றாம் முறை. முன்னூறு பேர் கொண்ட பட்டியலில் மனிதக் கண்ணும் விரலும் மூன்று முறை தவற வாய்ப்பு. கையொப்பமிட்ட படம் சான்றுக்குப் போகட்டும். அதோடு எக்செல் கோப்பும் அலுவலக மின்னஞ்சலில் போகட்டும். மின்னஞ்சலில் போகட்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். ஆதார் எண்ணும் கணக்கு எண்ணும் கொண்ட கோப்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவது அந்த மனிதர்களுக்கு நாம் செய்யும் துரோகம். தனிப்பட்ட தரவுகளைக் காக்க 2023-இல் சட்டமே வந்துவிட்டது.

மேலே இருப்பவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. மென்பொருள் உரிமத்துக்குச் செலவழிக்கிறோம், கணினிக்குச் செலவழிக்கிறோம். அதில் வேலை செய்கிறவருக்கு ஆண்டில் இரண்டு நாள்கூடக் கற்றுத்தருவதில்லை. காரைக்கால் எழுத்தர்கள் ஒரு காலத்தில் சைகோன் வரைக்கும் போய் பிரெஞ்சு அரசின் அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள். பதிவு எழுதுவதில் இந்த ஊருக்கு இருக்கும் பழக்கம் சின்னதன்று. இங்கே தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது, வேளாண் கல்லூரி இருக்கிறது. அவற்றின் மாணவர்கள் ஒரு சனிக்கிழமை வந்து அலுவலகத்தாரோடு உட்கார்ந்து அவர்களுடைய சொந்தக் கோப்பையே எடுத்து நேராக்கித் தர முடியும். பொதுப் பாடமாக நடத்தினால் மறுநாள் மறந்துபோகும். தன் கோப்பில் தன் கையால் செய்தது மறக்காது.

அலுவலகத்தில் வேலை செய்கிற உங்களிடமும் கேட்கிறேன். வரும் ஏப்ரல் 1-இல் புதுக் கணக்காண்டுக் கோப்பைத் திறக்கப் போகிறீர்கள். பழைய கோப்பைப் பிரதியெடுத்து ஆண்டை மட்டும் மாற்றிவிடாதீர்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு, அந்தத் தாளை நிரப்புகிறவரையும், அதை வாங்கி அறிக்கை செய்கிற பக்கத்து அலுவலகத்தாரையும் ஒரு மேசையில் கூட்டுங்கள். என்னென்ன தலைப்பு, எது எண், எது எழுத்து, எது தேர்ந்தெடுக்கும் பட்டியல், இரண்டாவது பிரதி எங்கே இருக்கும் என்று சேர்ந்து முடிவு செய்து, முதல் வரியில் எழுதி, அந்த வரியைப் பூட்டிவிடுங்கள். இரண்டாம் வரியிலிருந்து ஒரு வரிக்கு ஒரு மனிதரை எழுதுங்கள்.